எட்மண்டனிலிருந்து வைட்ஹார்ஸுக்கு: படகு நாட்குறிப்பு

ஜூன் 3

காலை முழுவதும் படகின் முன்முனையான அணியத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வோர் அங்குலமாகக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் சில்லு பெயரவில்லை. 1986ஆம் ஆண்டின் கண்ணாடியிழைப் படகு இத்தனை வழவழப்புடன் இருப்பதற்கு அண்ணனின் கையே காரணம். இதன் வெளித்தோலான ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதைத் தாண்டினால் இழையும் பிசினும் மட்டுமே. ஒரு கூரிய கல் அதைப் பெயர்த்துவிட்டால் அந்த இடத்தில் நீர் மெல்ல மெல்ல உள்ளே ஊறும். கனடாவின் வடமேற்கில் அண்ணன் இருக்கும் வைட்ஹார்ஸுக்கு இதை டிரெய்லரில் இழுத்துச் செல்ல வேண்டும்; இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். அலாஸ்கா நெடுஞ்சாலை முழுவதும் தார் போடப்பட்டதுதான் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் கோடையில் அதை எங்காவது கிளறிப் பழுதுபார்ப்பார்கள் என்பதை அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை.

ஜூன் 4

அண்ணன் அழைத்தார். மருத்துவர் சொன்னதைப் பற்றிப் பேசவில்லை. படகு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 5

கல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் எதைக் கட்டினாலும் பயனில்லை. எதிரே வரும் லாரியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் படகின் அணியத்தில் அடிக்கும் கற்களில் பெரும்பாலானவற்றை எழுப்பிவிடுவது அதை இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களே. சக்கரம் ஒரு சல்லியைக் கிளப்பி மேலே எறிகிறது. அது காற்றில் நிற்கும் அந்தக் கணத்தில், பின்னாலேயே வரும் படகு முழு வேகத்தோடு அதன்மீது போய் மோதுகிறது. ஆகவே காவல் தொடங்க வேண்டிய இடம் படகு அன்று, பிக்கப்பின் பின்சக்கரம்.

அதற்காகப் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வாங்கி வந்து, வண்டியின் முழு அகலத்துக்கும் தொங்கும்படி மட்ஃபிளாப் வெட்டினேன். கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் வேகத்தில் பின்னோக்கிப் பறந்துவிடும். இந்த ரப்பர் தன் கனத்தாலேயே நேராகத் தொங்கும். தரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன், ஏனெனில் தரையை உரசும் ஃபிளாப் கற்களைத் தடுப்பதற்குப் பதிலாக அவற்றை வாரி இறைக்கும். புகைக்குழாய்க்கு அருகே மட்டும் ரப்பர் சூட்டில் உருகாதபடி வளைத்து வெட்டினேன்.

ஜூன் 6

தூக்கம் வரவில்லை. படகில் பட்ட கல் அங்கேயே விழுந்துவிடுவதில்லை; திரும்பித் தெறிக்கிறது. படகை இழுத்து ஏற்ற டிரெய்லரின் முன்னால் நிற்கும் வின்ச் தூணிலோ அணியத்திலோ பட்டு முன்னோக்கிப் பாயும் கல், இழுக்கும் வண்டியின் பின்கண்ணாடியை நொறுக்கிவிடும். என் பிக்கப்பின் பின்பெட்டிக்கு மூடி போட்டிருப்பதால் அந்த மூடியின் கண்ணாடி படகைப் பார்த்தபடி நிற்கிறது. அணியத்துக்கு முன்னால் பலகையை நிமிர்த்திக் கட்டும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனையை இதனால்தான் ஏற்கவில்லை. செங்குத்தான, கெட்டியான எந்தப் பரப்பும் கல்லை வந்த வழியே திருப்பி அனுப்பும். வண்டியின் பின்புறத்திலிருந்து டிரெய்லரின் முக்கோணச் சட்டம் வரை சாய்வாக இழுத்துக் கட்டிய கனத்த வலையே சரியானது. அது காற்றை விட்டுவிடும்; கல்லைத் தரைப்பக்கம் திருப்பிவிடும். கண்ணாடிக்கு நெளிவுப் பிளாஸ்டிக் அட்டையும் வின்ச் தூணுக்குத் தடித்த நுரைப்பாயும் போதும்.

ஜூன் 7

மழை. வலை இன்னும் வந்து சேரவில்லை.

ஜூன் 8

இன்று வந்தவர்கள் எல்லோரும் தார்ப்பாய், தார்ப்பாய் என்றே சொன்னார்கள். படகை முழுதும் தார்ப்பாயால் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினால் கவலை தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். தீராது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினேன். எவ்வளவு இறுக்கினாலும் தார்ப்பாய் காற்றில் படபடக்கும். உள்ளே நுழைந்த தூசி அதற்கும் ஜெல்கோட்டுக்கும் இடையே அகப்பட்டு, நாள் முழுவதும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். கல்லுக்குத் தப்பிய படகு துணியால் பாழாகிவிடும். மேல்பக்கத்துக்கு, அளவெடுத்துத் தைத்து இழுத்துப் பூட்டும் பயண உறை உண்டு, அது போதும். கீழ்ப்பக்கத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் பொருள்தான் வேண்டும்.

மாலையில் படகை இருமுறை கழுவித் துடைத்துவிட்டு, அணியத்தின் கீழ்ப்பாதியிலும் அடிநடுவே நீளமாக ஓடும் ஏராவின் முன்பகுதியிலும் காருக்கு ஒட்டும் யூரித்தேன் படலத்தை ஒட்டினேன். அது 0.2 மில்லிமீட்டர்தான், சிறு சல்லியின் கீறலைத் தாங்கும், பெரிய கல்லைத் தாங்காது. அதனால் அதற்கு மேலே நுரைத்தகடு வைத்துப் பட்டையால் கட்டினேன். வழியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில், படகுகளில் ஒட்டிவரும் அந்நியச் சிப்பிகளைத் தேடும் சோதனைச் சாவடி திறந்திருந்தால் படகுடன் நிற்பது கட்டாயம் என்பதால், நுரைத்தகடு எளிதில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வடிகால் அடைப்பானையும் கழற்றியே வைக்க வேண்டும். அந்தத் துளைக்கு வெளியே மெல்லிய கம்பிவலை ஒன்றைக் கட்டினேன்.

ஜூன் 9

டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களை யாரும் நினைப்பதில்லை. அவையும் கல் எறிகின்றன, நேராகப் படகு மோட்டாரின் கீழ்ப்பகுதியையும் உந்துவிசிறியையும் நோக்கி. அவற்றுக்குப் பின்னாலும் ஃபிளாப் மாட்டினேன். பிரேக் குழாயையும் விளக்கு ஒயரையும் ரப்பர் குழாய்க்குள் நுழைத்தேன். வலை வந்துவிட்டது. அண்ணி அனுப்பிய செய்தியில் ஒரு வரிதான் இருந்தது: சீக்கிரம் வாருங்கள்.

சீக்கிரம் வரத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டரில் மோதும் கல்லின் வலிமை 70இல் பாதியாகிவிடுகிறது. நான் கட்டிய எதுவும் இந்த அளவுக்குக் காக்காது.

ஜூன் 11, டாசன் கிரீக்

கிளம்பிவிட்டேன். இங்கு வரை நல்ல சாலை. நிற்கும் இடமெல்லாம் பட்டைகளை இறுக்கி, டிரெய்லர் சக்கரத்தின் நடுக்குமிழைத் தொட்டுச் சூடு பார்த்தேன்.

ஜூன் 12, ஃபோர்ட் நெல்சன்

சாலைப்பணி நடக்கும் ஓரிடத்தில் தாரையே காணோம், வெறும் சரளைதான். வழிகாட்டி வண்டியின் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. முன்வண்டியின் தூசி அடங்கும் தூரம் விட்டுச் சென்றேன். எனக்குப் பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தும் நான் முன்வண்டியை நெருங்கவில்லை. வலையின் கீழ்மடிப்பில் குவிந்திருந்த கற்களைக் கையால் அள்ளிக் கொட்டினேன். ஒவ்வொன்றும் படகில் பட்டிருக்க வேண்டிய கல் என்று நினைத்தபோது பெரும் நிம்மதியாக இருந்தது. 1942இல் போருக்காக அவசரமாக வெட்டிய சாலை இது. இன்னும் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஜூன் 13, வாட்சன் லேக்

மஞ்சோ ஏரிக்கரை வளைவில், எதிரே வந்த லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் ஓரத்துக்கு ஒதுங்கி ஏறக்குறைய நின்றேவிட்டேன். இருந்தும் நுரைத்தகட்டுக்கு மேலே, உறைக்குக் கீழே, கைவிரல் அகலம் மட்டுமே திறந்திருந்த இடத்தில் ஒரு கல் பட்டது. மிளகளவு ஜெல்கோட் பெயர்ந்து, அதைச் சுற்றி நட்சத்திரம் போன்ற மெல்லிய விரிசல்கள். துடைத்து, உலரவிட்டு, வினைல் டேப் ஒட்டினேன்.

இப்போதே பூசிவிடலாமா என்று மாலை முழுவதும் யோசித்தேன். ஜெல்கோட் இறுகக் குறைந்தது 15 பாகை வெப்பம் வேண்டும். இங்கே இரவில் அது இல்லை. விரிசலைச் சரிவாகச் சுரண்டி, கடினமாக்கியைக் கலந்து பூசி, காற்றுப்படாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, இறுகிய பின் 400, 600, 1000 எனத் தாள் மாற்றி நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். இந்த வேலையை அண்ணனைப் போல நுணுக்கமாகச் செய்பவரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

ஜூன் 14, வாட்சன் லேக்

டெஸ்லினுக்கு முன்னால் தார்க்குழம்பு தெளித்துப் புதுச் சல்லி பரப்பியிருப்பதாகவும், அது இன்னும் ஒட்டவில்லை என்றும் பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் சொன்னார். நுரைத்தகட்டை அந்த விரல் அகலத்துக்கு மேலே ஏற்றிக் கட்டிவிட்டேன். காலையிலேயே அண்ணி இருமுறை அழைத்திருக்கிறார். வலையின் வலப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டுப் பேசுகிறேன்.