கிரீஸ் அடிச்சதுதான் தப்பு

ஷெட் வாசலில் இன்று ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். முன்பக்க இடது சக்கரம் மட்டும் உள்ளே மடங்கி, கால் பிசகின மாடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

பெயிண்ட் புத்தம் புதுசு. குரோம் பளபளக்குது.

உடைந்தது வெர்ட்டிகல் லிங்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு. அதன் அடிமுனை ட்ரன்னியன் என்ற மரை போட்ட உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கும்; ஸ்டியரிங் ஒடித்தால் அதில்தான் திரும்பும். முறிந்த இடத்தில் பாதி வட்டம் துருவேறிக் கறுப்பு, மீதி பளிச்சென்று புதிய இரும்பு. பழைய விரிசல், இன்றைக்கு விட்டுவிட்டது.

ஹெரால்டு ட்ரன்னியனுக்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் இறுகிப்போய் மரை முழுக்க ஏறாது. தண்ணீர் அடியில் தங்கும், மரை அரிக்கும், ஸ்டியரிங் ஒடிக்கும்போது முறியும்.

ஆயில் கன் வைத்து, மேலே கசியும் வரை ஏற்றுங்கள். என் கணக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே கிரீஸ் அடித்த வண்டி என்றால் முதலில் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையில் நகம் வைத்துப் பாருங்கள். குழி தட்டினால் லிங்கையே மாற்றணும்.

இடது வலது மரை வேற வேற. மாற்றி வாங்கி வந்து முழிப்பவர்கள் உண்டு.

மெட்ராஸில் தயாரான வண்டிதான், ஆனால் சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு வண்டியில் தேய்ந்தது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே வகை அமைப்பு என்பதால் இங்கிலாந்தில் புதுசு கிடைக்குது. பழையதை அளக்காமல் ஆர்டர் போடாதீங்க.

பெயிண்டை அப்புறம் பார்த்துக்கலாம்.