யார் பெயரில் இந்த மாலை?

ஏப்ரல் 25ஆம் நாள் காலை, தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் என் நாட்டின் சார்பாக மலர்வளையம் வைத்துவிட்டு, வியர்வையில் ஊறிய கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்க்க இறங்கினேன். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத ஒரு வளாகத்தில் நினைவுத்தூண் ஒன்று நின்றது. அதன் மூலைச் சுவரொன்றில் பதித்திருந்த கல்லில் தமிழ் எழுத்துகள் இருந்தன. அயலூர்ப் பேருந்து நிலையத்தில் சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல் ஒரு கணம் மகிழ்ந்துபோனேன். அதைக் கட்டியவர்கள் யார் என்று தெரிந்ததும் அந்த மகிழ்ச்சி தொண்டையிலேயே நின்றுவிட்டது. 1944இல், இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, ஜப்பானிய இராணுவம் எழுப்பிய தூண் அது. ரயில் பாதை போட வேலை வாங்கிச் சாகடித்தவர்களே செத்தவர்களின் மொழியில் இரங்கற்கல்லும் வைத்திருக்கிறார்கள்.

மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று சொல்லும் அந்தப் பாதை, தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமானது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கே உழைத்தார்கள். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களில் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் ரயிலேற்றப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை மறைத்து எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு இவற்றில் பெரும்பாலும் எதுவும் இல்லை.

பாங்காக்குக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. இங்கே வேரூன்றிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியும். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலை இவர்கள் 'வாட் கேக்' என்று அழைப்பதும் பழகிவிட்டது. 'கேக்' என்றால் விருந்தினர். நம்மவரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. கோயில் கட்டிக் குடியேறி நூறாண்டு கடந்தும் அம்மன்கூட விருந்தாளிதான் என்று முதலில் சிரித்தேன். சில இரவுகளில் அது சிரிப்பாக இருப்பதில்லை. பூச்சந்தையில் மல்லிகைச் சரத்தை 'புவாங் மாலாய்' என்று விற்கிறார்கள். அந்த ஈற்றுச் சொல் காதில் விழும்போதெல்லாம் நாகப்பட்டினத்துக் கீழவீதியில் அம்மாவோடு பூ வாங்க நின்ற பையனாகிவிடுகிறேன். ஒன்றரை ஆண்டு வேரூன்றல் அங்கேயே பெயர்ந்துவிடுகிறது.

பணி நிமித்தம் அண்டை நாடுகளுக்கும் போய்வர நேர்கிறது. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்துச் சுவர்களில், உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யாங்கோனுக்கு வடக்கே தாவ்க்யானில் அதுபோலவே ஏறத்தாழ 27,000 பெயர்கள். இரண்டு இடங்களிலும் இந்தியப் படைவீரர்களின் பெயர்களைத் தேடி விரலால் தடவிப் படித்திருக்கிறேன். உடல் இல்லாதவனுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது, ஏனென்றால் அவன் ஏதோ ஒரு படைப்பிரிவின் பதிவேட்டில் இருந்தான். பால்மரம் சீவிய கையோடு சயாமுக்குப் போனவனை எந்தப் படையும் தன் ஆளாகக் கணக்கில் வைக்கவில்லை. என் மனக்குறை இந்த ஒன்றுதான். காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகளும் வெட்டிய புல்லும் பூச்செடிகளுமாக இருப்பதைக் கண்டு எனக்குப் பொறாமை இல்லை, அந்தப் பிள்ளைகளும் பட்டினியில் செத்தவர்களே. ஆனால் மலர்வளையம் என்றாலே யார் யாருக்குப் பின் வைப்பது, பட்டையில் என்ன எழுதுவது என்று பட்டியல் போட்டே பழகிய எனக்கு, தமிழ்க் கல்லின் முன்னால் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை.

அதே ஊரில் தாவோர்ன் வராராம் கோயிலில் 2023 மே மாதம் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு தாமதமானாலும் அது நம் கையால் நட்ட கல் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிறைவு உண்டு. ஆயினும் நடுகல் என்றால் பெயரும் பீடும் எழுதுவதுதானே நம் மரபு? இறந்தவர்களின் முழுப் பட்டியல் எங்கும் இல்லாதபோது கல் மட்டும் என்ன செய்யும்?

புரட்டாசி அமாவாசைக்கு ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாங்காக்கிலிருந்து மூன்று மணி நேரம் பயணம் செய்து, எள்ளும் ஒரு மல்லிகைச் சரமுமாக மறுபடி அந்த ஆற்றங்கரைக்குப் போனேன். கொஞ்ச தூரத்தில் மிதவை உணவகம் ஒன்றில் யாரோ சுருதி சேராமல் ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் சுற்றுலா ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. முறை தெரியாமல் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்து, பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி எள் இறைப்பது என்று கேட்டேன். நாதியற்றுப் போனவர்களுக்கும் இந்த அமாவாசையில் ஒரு பங்கு உண்டென்றும், பெயர் தெரியாவிட்டால் ஊர்களைச் சொல்லும்படியும் அம்மா சொன்னார்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, தோட்டங்களுக்கு ஆள் போன ஊர்களையெல்லாம் நினைவுக்கு வந்த வரிசையில் சொல்லத் தொடங்கினேன். சேலம், ஆத்தூர், நாமக்கல், திருச்சிராப்பள்ளி, இலால்குடி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர். ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்து கொஞ்சம் எள் தண்ணீரோடு இறங்கியது. எள் தீர்ந்ததும் நிறுத்தினேன்.

மறுமுனையில் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஊர விட்டுட்டியேப்பா" என்றார்.