சடைச்சிக்குக் கால் முளைத்துவிட்டது

செவ்வாய்க்கிழமை காலை காப்பி டம்ளரோடு பெட்டியை எட்டிப் பார்த்தேன். நான் வளர்க்கும் டாரன்டுலா சிலந்தி சடைச்சி, சட்டை உரிக்க மல்லாந்து கிடந்தாள். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். மதியம் பார்த்தால் பழைய சட்டை ஒரு பக்கம், சடைச்சி ஒரு பக்கம். எண்ணினேன். எட்டு!

செப்டம்பரில் இடப்பக்க இரண்டாவது கால் போனது என் தப்புதான். கம்பிவலை மூடி வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்கவில்லை. ராத்திரி ஏறியவளின் நகம் வலையில் மாட்டி, இழுத்த இழுப்பில் கால் அடிமூட்டோடு கழன்றுவிட்டது. அந்த மூட்டில் கழன்றால் காயம் சட்டென்று அடைபட்டுவிடும். ஒரு சொட்டுக்கு மேல் கசியவில்லை. விடிவதற்குள் அந்தக் காலைத் தின்றும் முடித்திருந்தாள். இப்போது அக்ரிலிக் மூடி, நானே துளை போட்டது.

புதுக் கால் இத்தனை நாளும் அடிக்கணுவுக்குள் மடிந்தே வளர்ந்திருக்கிறது. நீளம் மற்றதில் முக்கால், தடிமன் பாதி. வெளிறிய பழுப்பு, சுருள் முடியும் கம்மி. கடன் வாங்கி மாட்டிய கால் மாதிரி இருக்கிறது. இன்னும் ஓரிரு சட்டை உரித்தால் சரியாகிவிடும். கால் போனது சட்டை உரிக்கும் நேரத்தை ஒட்டி என்றால் இந்த முறை முளைத்திருக்காது.

அப்புறம் அந்தச் சட்டை. ‘கர்லி ஹேர்’ என்ற சுருள்முடி இனக் குஞ்சாக வாங்கியபோது பெண் என்று நானே முடிவு செய்து பெயரும் வைத்துவிட்டேன். நிரூபிக்க வேண்டாமா? வயிற்றுப் பகுதி சுருங்கி, வெங்காயச் சருகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு வாட்டர்கலர் தூரிகையால், இடுக்கியால் அல்ல, ஓரத்திலிருந்து தள்ளித் தள்ளி விரித்தேன். நான்கு நுரையீரல் தடங்களும் வெள்ளையாகத் தெரிந்தன. மேல் இரண்டுக்கும் நடுவில் மடிப்பு இருந்தால் பெண். அங்கே ஒரு சுருக்கம். மடிப்பா, வெறும் சுருக்கமா? பொறுமை போய் இடுக்கியை எடுத்தேன். சரியாக அந்த இடத்தில் கிழிந்தது. போன முறையும் இதே இடம்தான். அடுத்த முறை இடுக்கியை வேறு அறையில் பூட்டி வைக்கப் போகிறேன்.

பெரிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதன் அடியில் பரப்பத் தேங்காய்நார்க் கட்டி ஒன்று வாங்கினேன். டொராண்டோ கடையில் வாங்கிய கட்டியைத் திருப்பிப் பார்த்தால் இலங்கையில் செய்தது. ஊரில் அம்மா அடுப்பெரிக்கப் போடும் சாமான், இங்கே எட்டு டாலர்! சடைச்சியின் பேரினப் பெயர் வேறு மாறிவிட்டது, பிராக்கிபெல்மா போய் டிலில்டோகாட்ல். லேபிளை அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

அவள் பல் வெள்ளையிலிருந்து சிவப்புக்கு வந்திருக்கிறது. கறுக்கும்வரை சாப்பாடு கிடையாது. அதுவரை சமையலறையில் கத்தும் சிள்வண்டு டப்பாவுக்கு வீட்டில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.