செக்ரோலுக்கு வராத 1,700 ரூபா

இலங்கையின் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், தொழிலாளரின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் புத்தகமான செக்ரோலை எழுதும் கிளாக்கராக நான் பல ஆண்டுகள் வேலை செய்தேன். 2024 மே மாத முதல் வாரத்தில் எங்கள் ஜன்னலுக்கு முன்னால் கூடிய கூட்டத்தை அதற்கு முன் கண்டதில்லை. அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொட்டகலை மே தினக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்திருந்தார். அன்றிரவே தொலைக்காட்சியும் முகநூலும் அதைக் கையில் கிடைத்துவிட்ட காசாகவே ஆக்கிவிட்டன. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு பெண் கைத்தொலைபேசியை நீட்டி, "இதுல வந்திருச்சே ஐயா, ஒங்க புத்தகத்துல மட்டும் ஏன் வரல்ல?" என்று கேட்டார்.

குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைச் சட்டத்தின்படி, அரசிதழான வர்த்தமானியில் முதலில் வருவது ஆட்சேபனை கோரும் அறிவித்தல்தான் என்றும், அதற்குப் பிறகே முடிவு வரும் என்றும் நான் விளக்கினேன். அதற்குள் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் என்னைக் கம்பனிக்காரனின் ஆள் என்று சொல்லிவிட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆட்சேபனைக் காலம் என்ற இரண்டு சொற்களை ஒரு வரியில் சேர்த்துச் சொல்லாத செய்தியாளர்கள் மீதுதான் கோபம். அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் 1,700 ரூபா வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, அதே செய்தியாளர்கள் நீதிமன்றம் ஏழைகளின் சோற்றைப் பறித்ததாக எழுதினார்கள். எதிர்த்தரப்பைக் கேட்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக அதைத் திட்டுபவர்கள், நாளை தமக்கு வழக்கு வரும்போது எங்கே போவார்கள்?

இப்படிச் சொன்னால் பழமைவாதி என்கிறார்கள், இருக்கட்டும். 1948இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை இழந்து, மிஞ்சியவர்கள் 2003இல் இன்னொரு சட்டத்தால் அதைத் திரும்பப் பெற்ற சமூகம் எங்களுடையது. மேடைப் பேச்சை நம்பாமல் காகிதத்தை நம்பும் குணம் எங்கள் பாட்டன்மாருக்கு அடிபட்டு வந்தது. தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தை ஊடகங்கள் காட்டிக்கொடுப்பு என்றே சொல்லிப் பழக்கின. அதில் தொகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் தொகையோடு வேலை நாள், கிலோ அளவு முதலியவற்றையும் பேசித் தீர்க்க அதில் இடமிருந்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை 900 ரூபாவையும் வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 ரூபாவையும் சேர்த்து 1,000 ஆக்கியபோது, கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. தலைப்புச் செய்தி ஆயிரத்தைக் கொண்டாடியது. என் செக்ரோலிலோ அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளப் பதிவு, கூடியது. கேட்ட கிலோ அளவுக்குக் கொழுந்து எடுக்க முடியாத வயதான பெண்களின் பெயருக்கு எதிரே அரை நாள் எழுதியது இந்தக் கைதான். அதைப் பற்றிக் கேட்க எந்த ஒலிவாங்கியும் கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவத்துக்கு வரவில்லை.

சங்கங்களை இன்று கேலிச் சித்திரமாக்குவது எளிது. அவற்றின் தலைவர்களிடம் குறை இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனாலும் சேமலாப நிதிப் படிவத்தில் பெயர் பிழைத்துப்போன கிழவிக்காக என் மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றவர் சங்கத்தின் தோட்டத் தலைவர்தான். முகநூலில் நேரலை செய்தவர் அல்லர்.

2024 செப்டம்பரில் 1,350 ரூபா முடிவானது. அது 1,700 அல்ல என்பதால் செய்தியில் அதற்கு அத்தனை ஆரவாரம் கிடைக்கவில்லை. செக்ரோலில் மட்டும் வந்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு, 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபா பேசப்பட்டது. கம்பனி 1,550, அரசாங்கம் வருகைக்காக 200 என்ற கணக்கு. அன்று ஜன்னலில் கேட்ட அந்தப் பெண்ணே ரோட்டில் என்னை மறித்து, இதாவது உண்மையா என்றார். ஜனவரிச் சம்பளத்தைப் பெப்ரவரி 10இல் எண்ணிப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் அம்மா என்றேன்.

"அது வரைக்கும் பொறுக்கமாட்டானே ஐயா, டிவிக்காரன். சந்தோசமான்னு இப்பவே கேட்டுட்டுப் போயிட்டான்."