எஸ்எஃப்-86 படிவமும் மண்டபம் முகாமும்

அமெரிக்க வெளியுறவுச் சேவைக்கு, அதாவது தூதரக அதிகாரி வேலைக்கு, தேர்வு எழுத நினைக்கும் ஈழத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அகதியாக வந்தவர்களை எடுப்பார்களா?" என்பதுதான். எடுப்பார்கள். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பிறந்த ஊர் தடையில்லை. ப்ராக்கில் பிறந்து 1948இல் அடைக்கலம் தேடி வந்த மேடலின் ஆல்பிரைட், 1997இல் வெளியுறவு அமைச்சரே ஆனார். (அவர் தேர்வெழுதி வந்தவர் இல்லை, அது வேறு வழி.)

நான் எழுதிய காலத்தில் எழுத்துத் தேர்வு, அப்புறம் குழு விவாதமும் நேர்காணலும் சேர்ந்த வாய்மொழித் தேர்வு. இவற்றுக்குப் படித்தால் போதும். நம்மைப் போன்றவர்களுக்குப் பாடு அதற்குப் பிறகுதான். பாதுகாப்புச் சோதனைக்கான எஸ்எஃப்-86 படிவம் நூறு பக்கத்தைத் தாண்டும்.

முதல் சிக்கல் பெயர். யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், தமிழ்நாட்டில் நாங்கள் இருந்த மண்டபம் அகதி முகாம் பதிவேட்டில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. போதாததற்கு அப்பாவுக்கும் எனக்கும் குடும்பப் பெயரே வேறு. எல்லாவற்றையும் எழுதினேன்.

அடுத்தது அண்ணா. அப்பாவுக்கு அமெரிக்காவில் அடைக்கலம் கிடைத்தபோது, மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும்தான் அழைக்க முடிந்தது. அண்ணாவுக்கு வயது தாண்டிவிட்டது. இன்றும் முகாமில்தான் இருக்கிறார். படிவம் அவருடைய குடியுரிமை, முகவரி, முதலாளி எல்லாம் கேட்கிறது. பெயின்ட் அடிக்கப் போகிறவருக்கு நாளுக்கொரு முதலாளி! "தினக்கூலி, நிலையான முதலாளி இல்லை" என்று எழுதினேன். அவருக்குப் பணம் அனுப்புவதையும் காட்ட வேண்டும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

விசாரணை அதிகாரி நேரில் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டார். புலிகள் இயக்கம் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருப்பதால், ஊரில் இருந்த காலம் பற்றி விலாவாரியாகக் கேள்வி வந்தது. "உதெல்லாம் ஏன் அவையளுக்குச் சொல்லுறாய்?" என்று அம்மா பதறினார். சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. அப்பாவின் அடைக்கல மனு நகலை முன்னமே வாங்கிப் படித்திருந்ததால், தேதிகளில் தடுமாறவில்லை.

சோதனை முடிந்தாலும் வேலை உறுதியில்லை. மதிப்பெண் வரிசைப் பட்டியலில் 18 மாதம்வரை பெயர் இருக்கும். அதற்குள் அழைப்பு வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு வந்தது. ஆர்லிங்டனில் பயிற்சி. ஒருநாள் ஒவ்வொருவர் பெயரையும் வாசித்து, போகப்போகும் நாட்டின் சின்னக் கொடியைக் கையில் கொடுத்தார்கள். முதல் இரண்டு பணியிடங்களை அவர்களே முடிவு செய்வார்கள்; தூதரகத்தில் விசா கேட்டு வருபவர்களை விசாரிக்கும் ஜன்னல் வேலை பெரும்பாலும் தப்பாது.

அந்த ஜன்னலில் குடியேற்ற விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்து நிற்பவர்கள் உண்டு. எந்த நாட்டில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும், கிடைக்காதென்றால் பதிலுக்கு எதைக் காட்டலாம் என்று வெளியுறவுத் துறை நாடுவாரியாகப் பட்டியலே போட்டிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்னால் அதைப் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.