சுவரில் இரண்டு காலிக் கட்டங்கள்

அந்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டது நான்தான். மேலே தேதி, பக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி. உள்ளே 'இ', 'வ', 'ம' என்று எழுத வேண்டும். இடது, வலது, மல்லாக்க.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கிய பிறகு, நோய் ஆதரவு சிகிச்சைக்காக வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலை எனக்கு. அந்த வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வலி தெரியாதவருக்குப் படுக்கைப் புண் வருவதும் தெரியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். அதனால்தான் இரண்டு மணிக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறோம்.

அடுத்த முறை போனபோது கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன, விடிகாலை 4, 6 தவிர. அந்த இரண்டு வரி மட்டும் எல்லா நாளும் காலி. அவரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. இது வெளுக்கவே இல்லை.

"என்னக்கா இது, விடியக்காலம் திருப்புறதே இல்லையா? புண்ணாயிட்டா ஆற மாசக்கணக்காகும்" என்று சத்தம் போட்டேன்.

"பூ எடுக்கப் போயிர்றேன் சிஸ்டர்" என்றார் அவர் மனைவி. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். மூன்றரைக்குத் தோட்டத்தில் நின்றால்தான் ஏழு மணிக்குள் முடித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப முடியும். வீட்டில் ஓடும் ஒரே வருமானம் அது. எனக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் "எப்படியாவது பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது வழக்கமான வசனத்தையும் சொன்னேன்: "உங்க உடம்பையும் கவனிச்சுக்கங்கக்கா." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்று புரியவில்லை.

நாலு மாதம் கழித்து என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூக்கில் குழாய், யூரின் பேக், ஏர் பெட், எல்லாம் எனக்குப் பழகிய சாமான்கள். ஆனால் வேலையில் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கை கழுவி வந்துவிடலாம். வீட்டில் டூட்டி மாற்ற ஆள் கிடையாது. ஐந்தாவது இரவு மூன்று மணிக்கு வைத்த அலாரத்தை நானே அணைத்திருக்கிறேன். அணைத்த ஞாபகம்கூட இல்லை. ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் அப்பா நனைந்து, அதே பக்கமாகக் கிடந்தார். அவர்மேல் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததற்காக என்மேல் எரிச்சல் வந்தது.

பராமரிப்பவர்களின் சுமையை அளக்க ஸாரிட் என்ற உளவியலாளர் உருவாக்கிய 22 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. (வேலையில் இதைப் படித்துக் காட்டும் நேரத்துக்கு அவர்களைக் கொஞ்சம் தூங்கவிடலாம் என்பது என் கட்சி.) ஒருநாள் ராத்திரி அதை எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். கோபம் வருகிறதா என்ற கேள்விக்கு 3. அடிக்கடி என்று அர்த்தம். அப்படி ஒரு கேள்வியையே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு அந்தக் கோபம் வந்திருக்க வேண்டும்! கொஞ்சம் மூச்சு வந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "உன் உடம்பையும் பாத்துக்கம்மா" என்றார்கள். செய்ய வேண்டிய வேலைகளோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் மிச்சம். சித்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "வியாழனும் ஞாயிறும் நான் வந்து படுத்துக்கறேன். நீ பின்கட்டுல கதவச் சாத்திட்டுத் தூங்கு" என்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் தலையணையோடு வந்து நின்றாள்.

லீவு முடிந்து அந்தக் கிராமத்துக்குப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, விடியக்காலம் இந்தத் தெருவில் யார் முழித்திருப்பார்கள் என்பது. கொழுந்தன் முழித்திருப்பார், ஐந்து மணி வாக்கில் மும்முனைக் கரண்ட் வரும், மோட்டார் போட இந்த வழியாகத்தான் போவார். கேட்டீர்களா என்றால், எப்படிக் கேட்பது என்றார் அக்கா. கொழுந்தனுக்கும் கூச்சம், அண்ணன் உடம்பைத் தொட.

மடித்த பெட்ஷீட்டை இடுப்புக்கு அடியில் போட்டு, முழங்காலை மடக்கி, ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து உருட்டக் கற்றுக்கொடுத்தேன். அப்புறம் நேரத்தை மாற்றினோம். 2, 4, 6 என்பதை 3, 5, 7 ஆக்கினால் அக்கா போகும்முன் ஒன்று, வந்ததும் ஒன்று. நடுவில் ஐந்து மணி மட்டும் கொழுந்தனுக்கு. இவ்வளவுதான் விஷயம். வார்டு ஷீட்டில் இரட்டைப்படை நேரமாகவே பார்த்துப் பழகியதால் எனக்கு இது முன்பே தோன்றவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஐந்து மணி வரியில் வேறு கையெழுத்து. ஓரெழுத்தில் அவருக்குத் திருப்தியில்லை போல. கட்டத்தை மீறி 'இடது', 'வலது' என்று முழுசாக எழுதியிருந்தார். ஒரு நாளில் மட்டும் இப்படி இருந்தது: 'கரண்ட் இல்லை. வலது.'