கொல்கத்தா சைனா டவுன்: விடிவதற்குள் போய்விடுங்கள்

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மீன் உருண்டை சூப்பைச் சொல்லாமல் வேறு எதையும் ஆரம்பிக்க மனம் வரவில்லை. நகரத்தின் பழைய சைனா டவுனான டிரெட்டா பஜாரில், போத்தார் கோர்ட் கட்டடத்தை ஒட்டி, இன்னும் வெளிச்சம் முழுசாக வராத நேரத்தில் ரோட்டோரம் அடுப்பு எரிகிறது. ஒரு அம்மா அலுமினிய அடுக்குகளின் மூடியைத் தூக்கினார், ஆவி மொத்தமும் முகத்தில் அடித்தது, உள்ளே பன்றிக்கறி வைத்த வெள்ளை பாவ் பன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சூப்பில் வெங்காயத்தாளும் மிளகும் தவிர வேறு அலங்காரம் கிடையாது. அந்த மீன் உருண்டை பல்லில் பட்டதும் லேசாகத் துள்ளுகிறது பாருங்கள், அதற்காகவே இன்னொரு கிண்ணம் வாங்கினேன். எட்டு மணிக்கெல்லாம் கடை கட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் கூடுதல் கடைகள் இருக்கும்.

அவ்வளவு சீக்கிரம் மெட்ரோ ஓடாது, டாக்ஸிக்காரர்கள் பிடித்துக்கொள்வது அங்கேதான். ஹவுரா ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஒருவர் 500 ரூபாய் கேட்டார். மீட்டர் போடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பேசிப் பேசி 350-க்கு இறங்கினார், அதுவே பகல் கொள்ளை. அன்று காலைச் சாப்பாடு மொத்தமும் அதில் பாதிகூட ஆகவில்லை!

சரி, ஊர்க்கதைக்கு வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோங் ஆச்சியூ என்ற சீனர் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கி, ஹூக்ளி ஆற்றங்கரையில் கரும்பு ஆலை வைத்தார். அந்த இடம் இன்றைக்கும் அவர் பேரில் அச்சிப்பூர்தான். அப்புறம் நகரத்துக்குள் சீனாவின் பல பக்கத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்: கான்டன் பக்கத்து ஆட்கள் தச்சுவேலை, ஹூபெய்க்காரர்கள் பல் வைத்தியம், ஹக்கா என்ற சீன இனத்தார் செருப்பும் தோலும். கிழக்கே டாங்ராவில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைக் கட்டி எழுப்பியவர்கள் இந்த ஹக்காக்கள்தான். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் இருந்த சமூகம், இன்றைக்கு இரண்டாயிரம் அளவில் நிற்கிறது என்கிறார்கள்.

இது தானாகக் குறைந்த கூட்டம் இல்லை, குறைக்கப்பட்ட கூட்டம். 1962 இந்திய-சீனப் போர் வந்ததும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக்கூட எதிரியாகப் பார்த்தார்கள். நாட்டின் பல இடங்களிலிருந்து சுமார் 3,000 பேரை விசாரணையே இல்லாமல் ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்தார்கள், சிலர் வெளியே வர 1967 ஆனது. கைதாகாமல் தப்பியவர்களுக்கும் ஊரைவிட்டு நகர அனுமதி வாங்க வேண்டிய நிலை. வசதி கிடைத்தவர்கள் டொரான்டோ போனார்கள். இதற்கு ஒரு மன்னிப்புகூட நாம் கேட்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். அதற்கு மேல், 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னது. கழிவு நாற்றமும் மாசும் நிஜம், தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்கு வெளியே ஒதுக்கிய பாந்தலாவுக்கு இடம் மாற எல்லோராலும் முடியவில்லை. பல ஆலைகள் ஓட்டல்களாயின, டாங்ராவில் இன்று நாம் சில்லி சிக்கன் சாப்பிடும் ஏசி ஹால்களில் சில முன்பு தோல் காய்ந்த கொட்டகைகள். நம்ம ஊர்த் தள்ளுவண்டி கோபி மஞ்சூரியனுக்கும் வேர் இங்கே இருக்கிறது, சிக்கன் மஞ்சூரியனை 1975-ல் மும்பையில் உருவாக்கிய நெல்சன் வாங் கொல்கத்தாவில் பிறந்தவர்.

டாங்ராவில் இரவுச் சாப்பாடு ருசிதான், ஆனால் விலை என் பட்ஜெட்டுக்குக் கனம். இரண்டு பேராகப் போய் ஒரு தட்டு ஹக்கா நூடுல்ஸைப் பகிர்ந்துகொள்ளுங்கள், தாராளமாகப் போதும். அங்கேயே சீனக் காளி கோயில் இருக்கிறது, நூடுல்ஸ் பிரசாதத்துக்குப் பேர்போனது.

டிரெட்டாவில் என் மனதைப் பிசைந்தது வேறு. 1905-லிருந்து நிற்கிற ஸீ இப் கோயிலுக்குள் செதுக்கிய மரமும் ஊதுவத்திப் புகையும் அவ்வளவு அழகு, வெளியே வந்தால் குப்பை மேடு. காலைக் கடைகளிலும் விற்கிறவர்களில் பாதிப் பேர் சீனர்கள் இல்லை, போட்டோ எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு தட்டு சியூமாய் (ஆவியில் வேகவைத்த கறிக் கொழுக்கட்டை) வாங்குங்கள், சில்லறை எடுத்துப் போங்கள்.

அச்சிப்பூர் எனக்கு இந்த முறை வாய்க்கவில்லை, கையிருப்பு தீர்ந்துவிட்டது. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் போனால் ஆச்சியூவின் சிவப்புக் கல்லறையில் குடும்பம் குடும்பமாக வந்து கும்பிடுவதைப் பார்க்கலாம். சியால்தாவிலிருந்து பட்ஜ் பட்ஜுக்கு லோக்கல் ரயில் உண்டு, மலிவு, அங்கிருந்து ஆட்டோ. அடுத்த பிப்ரவரிக்கு டிக்கெட் போடப்போகிறேன், யாராவது கூட வருகிறீர்களா?